செகண்ட் லைஃப் மார்க்கெட்பிளேஸில் தேடாத பொருளைக் கண்டெடுக்க

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்துக்கான சாமான்களை விற்கும் கடைத்தளம் மார்க்கெட்பிளேஸ். அதன் தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டி முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டால், எல்லோர் வீட்டிலும் இருக்கும் அதே சோபாதான் உங்கள் வீட்டிலும் இருக்கும். சின்னக் கடைகளின் நல்ல சாமான்கள் பின்பக்கங்களில் கிடக்கின்றன. அங்கே போக வரிசையைக் கலைக்க வேண்டும்.

பெட்டியைக் காலியாக விடுங்கள். இடப்பக்கப் பிரிவுகளில் ஒன்றைத் திறந்து, அதன் கடைசி உட்பிரிவு வரை இறங்குங்கள். விலை வடிகட்டியில் குறைந்தது, கூடியது இரண்டிலும் ஒரே எண்ணைப் போடுங்கள்: 37 லிண்டன் டாலர் (அந்த உலகத்தின் நாணயம்), 83, எதுவாகவும் இருக்கட்டும். 99, 199, 250 போன்ற வழக்கமான விலைகளில் குவியும் கூட்டம் இதில் வடிந்துவிடும். பக்கத்துக்கு 96 பொருள் என்று வைத்து, ஒருமுறை புதியவை முதலிலும் ஒருமுறை விலை வரிசையிலும் பாருங்கள். டெமோக்கள், அதாவது வாங்குமுன் சோதித்துப் பார்க்கும் மாதிரிகள், நிறைந்து வந்தால், தேடல் பெட்டியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘நாட்’ என்றும் அதை அடுத்து ‘டெமோ’ என்றும் சேர்த்தால் அவை விலகும். ஒரு பொருள் பிடித்துவிட்டால் விற்பவர் பெயரை அழுத்தி, அவர் கடை முழுவதையும் பாருங்கள். உண்மையான வேட்டை அங்கேதான்.

உலகத்துக்குள் உலாவும்போதும் இது நடக்கும். யாரோ ஒருவர் தோட்டத்தில் அழகான விளக்கு நின்றால், வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். உருவாக்கியவர் பெயர் தெரியும். அந்தப் பெயரை மார்க்கெட்பிளேஸில் தேடுங்கள்.

ஆசைப்பட்டு உடனே வாங்கிவிடாதீர்கள். முதலில் லேண்ட் இம்பேக்ட் எண்ணைப் பாருங்கள்: நிலத்தின் கொள்ளளவில் அந்தப் பொருள் எடுக்கும் பங்கு அது. மெயின்லேண்ட் எனும் பொது நிலப்பரப்பில் 1024 சதுர மீட்டர் நிலத்தின் வழக்கமான கொள்ளளவு 351. ஒரு பெஞ்சே 40 எடுத்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. மெஷ் பொருளை (வெளி மென்பொருளில் வடிவமைத்து ஏற்றிய முப்பரிமாணப் பொருள்) பெரிதாக்கினால் இந்த எண் இன்னும் ஏறும். பட்டியலில் போட்டிருப்பது விற்பவர் வைத்த அளவுக்கு மட்டுமே. மெஷ் வந்தது 2011இல். அதற்கு முந்தைய மரச்சாமான்களில் பெரிதாக்காமலேயே இந்த எண் அதிகமாக இருப்பதுண்டு.

அடுத்து அனுமதிகள்: பொருளை நகலெடுக்கலாமா (காப்பி), பிறருக்குக் கொடுக்கலாமா (டிரான்ஸ்ஃபர்) என்பவை. காப்பி இல்லாத பொருளைத் தரையில் வைத்ததும் அது இன்வென்டரியை, அதாவது உங்கள் சாமான் பட்டியலை, விட்டுப் போய்விடும். தானாகத் திருப்பியனுப்பும் நிலத்தில் வைத்தால், நேரம் கழித்து ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ கோப்புறையில் தேட வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபர் இருந்தால் வேண்டாதபோது பிறருக்குக் கொடுக்கலாம். பணம் போட்டால் எந்தப் பொருள் வரும் என்று தெரியாத, குலுக்கல் போன்ற ‘கச்சா’ விற்பனை 2021 ஆகஸ்ட் 31உடன் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்துச் சாமான்களை மறுவிற்பனையில் இன்றும் பார்க்கலாம். அவை பெரும்பாலும் காப்பி இல்லாத, டிரான்ஸ்ஃபர் உள்ள ரகம். அரிய பொருள் இப்படி எதேச்சையாகக் கண்ணில் பட்டால் யோசித்து நாளைக் கடத்த வேண்டாம், இருப்பு ஒன்றே ஒன்றாக இருக்கலாம்.

உடைகளுக்கு டெமோ கட்டாயம். உங்கள் உருவம் அணிந்திருக்கும் மெஷ் உடலின் பெயர் விவரத்தில் இல்லாவிட்டால், படம் எத்தனை அழகானாலும் தோல் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியும்.