ஹிண்டெமித்தின் இரண்டாம் ஆர்கன் சொனாட்டா: ஸ்டாப் தேர்வும் பயிற்சியும்

ஜெர்மன் இசையமைப்பாளர் பால் ஹிண்டெமித் 1937இல் எழுதிய இரண்டு ஆர்கன் சொனாட்டாக்களில் சிறியது இது. மூன்று பகுதிகள், ஏறத்தாழ பத்து நிமிடம். எந்தெந்த ஸ்டாப்களை (குழாய் வரிசைகளை ஒலிக்கவைக்கும் குமிழ்களை) இழுப்பது என்பதை அவர் வாசிப்பவரிடமே விட்டுவிட்டார். ஒலியளவுக் குறிகளே வழிகாட்டி. ஸ்வெல் பெட்டியும் (கதவுகள் திறந்து மூடி ஒலியளவை மாற்றும் குழாய்ப் பெட்டி) கிரெசெண்டோ உருளையும் (ஸ்டாப்களைப் படிப்படியாகக் கூட்டும் உருளை) உள்ளவர்கள் குறித்ததற்கு மேலும் வண்ணமும் ஏற்ற இறக்கமும் சேர்க்கலாம் என்று முன்குறிப்பில் அனுமதிக்கிறார். அந்தச் சலுகையை முதலில் தொடாதீர்கள். உரத்த பத்தியும் மெல்லிய பத்தியும் மாறி மாறி வருவதுதான் முதல் பகுதியின் கட்டுமானம். நடுவே வழவழவென்று ஏற்றி இறக்கினால் அது கலைந்துபோகும்.

ஃபோர்டேவுக்கு (உரத்த பத்திக்கு) முதல் மானுவலில் (கைக்கட்டை வரிசையில்) 8, 4, 2 அடி பிரின்சிபல்கள் (ஆர்கனின் அடிப்படை ஒலிக் குழாய்கள்), மேலே ஒரு மிக்ஸ்சர் (ஒரு சுரத்துக்குப் பல உச்சக் குழாய்கள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்டாப்). அடி என்பது குழாயின் நீளம்; எண் கூடக்கூட ஒலி தாழும். மானுவலில் 16 அடி வேண்டாம். நெருக்கமான நாலாம், இரண்டாம் இடைவெளிகள் கீழே குழம்பிவிடும். மெல்லிய பத்திகளுக்கு இரண்டாம் மானுவலில் 8 அடி ஃப்ளூட்டும் 4 அடி ஸ்டாப் ஒன்றும் போதும். பெடலில் (கால்கட்டையில்) 16, 8 அடிகளோடு 4 அடியும் சேருங்கள், பெடல் குரல் தெளியும். மெல்லிய இடத்தில் மானுவல்-பெடல் கப்ளரை (கைக்கட்டையின் ஸ்டாப்களைப் பெடலிலும் ஒலிக்கவைக்கும் இணைப்பை) எடுத்துவிட மறப்பதுதான் வழக்கமான கோளாறு: கைகள் மெலிந்திருக்க, பெடல் மட்டும் முழங்கும். மாற்றத்தைப் பிஸ்டனில் (ஸ்டாப் சேர்க்கையை ஒரே அழுத்தில் மாற்றும் பொத்தானில்) பதிந்து, அந்த ஒரு தாளக்கட்டை (இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியை) மட்டும் தனியாகப் பழகுங்கள்.

சுரங்களைக் கற்கும்போது பெடலோடு இடக்கை, பெடலோடு வலக்கை, பிறகு மூன்றும் என்று பாதி வேகத்தில் போங்கள். தொடக்கத்தில் ஸ்ருதிக் குறித்தொகுதி (எந்தச் சுரங்கள் எப்போதும் ஏறியோ இறங்கியோ வரும் என்று காட்டும் குறிகள்) கிடையாது. ஷார்ப்பும் ஃப்ளாட்டும் (சுரத்தை அரைப்படி ஏற்றும், இறக்கும் குறிகள்) அந்தத் தாளக்கட்டோடு முடிந்துவிடும் என்பதால், கோடு தாண்டியதும் கை பழக்கத்தில் முந்தைய கட்டின் மாற்றிய சுரத்துக்கே போகும். இந்த இசையில் தவறான சுரமும் சரியானதுபோலவே கேட்கும் என்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு குரலையும் தனியாக வாசித்துச் சரிபாருங்கள்.

இரண்டாம் பகுதி சிசிலியானோ (மெல்ல ஊசலாடும் பழைய நடன) நடை. புள்ளியிட்ட சுரத்தை அடுத்து வரும் குறுஞ்சுரத்தை அவசரப்படுத்தினால் ஆட்டம் நொண்டும். டிரெமுலண்ட் (ஒலியை நடுங்கவைக்கும் அமைப்பு) தேவையில்லை.

கடைசி ஃபியூகுக்கு (ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செல்லும் பகுதிக்கு) அவர் இட்ட குறிப்பு "மிதமான ஓட்டம், குதூகலமாக" என்பது. ஃபியூக் என்றதும் முழு ஆர்கனைத் திறப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 8, 4 அடியில் தொடங்கி, குரல்கள் கூடும்போது மட்டும் 2 அடியைச் சேர்க்கலாம். எதிரொலி நீளும் கூடத்தில் கருப்பொருளின் சுரங்களுக்கு இடையே சற்றுக் கூடுதல் இடைவெளி விடுங்கள். அது போதாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், ஸ்டாப்களைக் கூட்டாதீர்கள்.