சரக்கு ட்ரெய்லரை கேம்பராக மாற்றுவது: கூரையில் ஓட்டை போடும் முன் படிக்க வேண்டியது

மிச்சிகனில் ட்ராய் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள். இரண்டு வருடமாக எங்கள் கேம்பிங் எல்லாம் 6க்கு 12 அடி சரக்கு ட்ரெய்லர் ஒன்றில்தான். வாங்கும்போது உள்ளே ஒரு விளக்கும் வெறும் பிளைவுட் சுவரும் மட்டுமே இருந்தன. இப்போது படுக்கை, அடுப்படி, ஃப்ரிட்ஜ், கூரை ஃபேன், ஜன்னல் எல்லாம் உண்டு. எப்படிச் செய்தீர்கள் என்று பல நண்பர்கள் கேட்டதால் எழுதுகிறேன். பிளைவுட் அறுப்பது, ஸ்க்ரூ போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தாண்டி, எங்களை மாதக்கணக்கில் அலைக்கழித்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

1. ட்ரெய்லர் வாங்குவது

எல்க்ஹார்ட் (இண்டியானா) எங்களுக்குப் பக்கம். கேம்பர்களுக்குப் பேர்போன ஊர், சரக்கு ட்ரெய்லர்களும் அங்கே நிறையத் தயாராகின்றன. புதிதாக வாங்கினால் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். சுவர்ச் சட்டங்களும் கூரையின் குறுக்குச் சட்டங்களும் 24 அங்குலத்துக்கு ஒன்று என்று இல்லாமல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக வேண்டும். உள் உயரம் ஆறரை அடி வேண்டும். ஆக்சிலில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சில்) எலெக்ட்ரிக் பிரேக் வேண்டும். இந்த அளவு ட்ரெய்லர்களில் பெரும்பாலும் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்று பட்டை ஒட்டியிருக்கும். 3,000ஐத் தாண்டினால் பிரேக் கட்டாயம் என்று பல மாநிலங்களில் சட்டம் இருப்பதுதான் காரணம். சட்டம் கேட்காவிட்டாலும் பிரேக் போட்டே வாங்குங்கள். மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருக்கும் காருக்குப் பின்னால் ஒன்றரை டன் வருகிறது.

பழையது வாங்கினால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெட்டுப்போவதுதான் அதிகம்.

2. எடைக் கணக்கு

எங்கள் ட்ரெய்லர் காலியாக 1,250 பவுண்டு. வரம்பு 2,990. ஆக மரம், பேட்டரி, தண்ணீர், துணிமணி எல்லாம் 1,700க்குள் அடங்க வேண்டும். நிறைய இருப்பதுபோலத் தோன்றும். முக்கால் அங்குல பிளைவுட் ஒரு ஷீட்டே 60 பவுண்டுக்கு மேல் போகும், ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. அதனால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அரை அங்குலம் போதும், கூரைக்குக் கால் அங்குலம் போதும்.

எடை எங்கே உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். ட்ரெய்லரின் மூக்கு காரின் ஹிட்ச் (பின்னாலுள்ள இணைப்புக் கொக்கி) மேல் அழுத்தும் எடையை இங்கே டங் வெயிட் என்பார்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் நாய் வாலைப்போல ஆட ஆரம்பிக்கும். எங்கள் முதல் அமைப்பில் அடுப்படி, ஃப்ரிட்ஜ், பத்து கேலன் தண்ணீர் எல்லாமே பின்கதவுப் பக்கம். ஐ-75 நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் போனபோது லேசான ஆட்டம் தெரிந்தது. லாரிகள் நிற்கும் இடத்திலுள்ள கேட் ஸ்கேல் எனும் எடை மேடையில் நிறுத்திப் பார்த்தால் டங் வெயிட் 7 சதவீதம்தான். பேட்டரியையும் தண்ணீரையும் ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவந்த பிறகு 12 சதவீதம். ஆட்டம் போயே போய்விட்டது. மிச்சிகனின் வடக்கே உள்ள மேக்கினா பாலத்தில் பலத்த காற்று அடிக்கும் நாட்களில் ட்ரெய்லர் வண்டிகளை 20 மைல் வேகத்தில் துணை வண்டியோடுதான் கூட்டிப் போவார்கள். ஐந்து மைல் நீளம், கீழே தண்ணீர். அங்கே போகும்முன் இந்தக் கணக்கைச் சரிசெய்துவிடுங்கள்.

3. தரையில் டேப் ஒட்டிப் பார்ப்பது

6 அடி ட்ரெய்லரின் உள் அகலம் 6 அடி இல்லை. சுவரெல்லாம் முடிந்தபின் எங்களுக்கு மிஞ்சியது 66 அங்குலம், அதாவது ஐந்தரை அடி. அதைவிட உயரமானவர் குறுக்கே படுக்க முடியாது. அதனால் எங்கள் கட்டில் நீளவாக்கில். முன்னால் கூம்பாக இருக்கும் இடத்தில் மகளுக்கு மட்டும் குறுக்கே ஒரு படுக்கை. மரம் வாங்கும்முன் தரையில் டேப் ஒட்டி, மூன்று பேரும் அதில் படுத்துப் பாருங்கள்.

4. கூரை ஃபேன்

ஜன்னல், ஃபேன் இரண்டையும் உள்வேலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஃபேனுக்கு 14க்கு 14 அங்குல ஓட்டை. எனக்கு மேக்ஸ்ஏர் ஃபேன்தான் பிடித்தது. மேலே மழைக்கூடு உள்ள மாடலில் மழையிலும் திறந்து வைக்கலாம். விலை அதிகம்தான். இந்த வண்டியில் எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

உள்ளேயிருந்து இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே அளந்து, நான்கு மூலையிலும் சின்ன ஓட்டை போட்டு, அந்த அடையாளத்தை வைத்து மேலேயிருந்து அறுக்க வேண்டும். கூரைத் தகடு மெல்லியது, மேலே ஏறி நிற்காதீர்கள், ஏணியிலிருந்தே செய்யுங்கள். ஜிக்சாவில் மெட்டல் பிளேடு போட்டால் போதும். கிரைண்டர் வேண்டாம், அதன் பொறியும் சூடும் பெயின்டைக் கருக்கிவிடும். கோட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உள்ளே ஒரு பழைய பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டால் தூள் எல்லாம் அதில் விழும்.

ஓட்டையின் உள்விளிம்பில் மரச்சட்டம். ஃபேன் விளிம்புக்கு அடியில் பியூட்டில் டேப், பிசின்போல மெத்தென்று ஒட்டும் பட்டை. ஸ்க்ரூக்களைச் சீராக இறுக்கி, மறுநாள் திரும்ப ஒரு முறை இறுக்குங்கள், டேப் அதற்குள் அமுங்கியிருக்கும். அப்புறம் விளிம்பையும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையையும் மூடி டைகார் சீலன்ட், கேம்பர் கூரைக்கான அடைப்புப் பசை. சிலிகான் வேண்டவே வேண்டாம். பிய்ந்த சிலிகான் மேல் புது சிலிகான்கூட ஒட்டாது, பின்னால் ஒரு சின்ன ரிப்பேர் வந்தால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். மூடி வண்டியின் பின்பக்கமாகத் திறக்கிற மாதிரி ஃபேனை வையுங்கள்.

5. ஒழுகலா, வியர்வையா?

எங்களை அலைக்கழித்த இடம் இதுதான்.

முதல் அக்டோபரில் சுப்பீரியர் ஏரிக் கரைக்கு, பிக்சர்ட் ராக்ஸ் பக்கம் போனோம். இரவில் குளிர் உறைநிலைக்கு இறங்கியது. தூங்கும்முன் ஒரு மணி நேரம் சிறிய புரோபேன் ஹீட்டரை எரித்துவிட்டு, குளிர் வரக்கூடாதென்று ஃபேனையும் ஜன்னலையும் இறுக்கமாக மூடிப் படுத்தோம். விடியற்காலையில் மகளின் போர்வை ஈரம். கூரை எல்லாம் தண்ணீர். ஃபேன் ஒழுகுகிறது என்று முடிவு செய்துவிட்டேன். வீடு திரும்பியதும் சீலன்ட் முழுவதையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன். அடுத்த பயணத்திலும் அதே ஈரம். மறுபடி சுரண்டினேன்.

மூன்றாவது முறை படுத்தபடியே மேலே பார்த்து மனைவி சொன்னாள்: "ஏங்க, ஓட்டை அங்க இருக்கு. என் தலைக்கு மேல எப்படிங்க சொட்டுது?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரை பிளைவுட்டில் 16 அங்குலத்துக்கு ஒரு வரிசையாக ஸ்க்ரூக்கள். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், அளந்து வைத்ததுபோல. சட்டம் போகும் கோடு முழுக்கப் பிளைவுட் நிறம் மாறி இருண்டிருந்தது. சட்டங்களுக்கு இடையே குளிரைத் தடுக்க ஃபோம் அடைத்திருந்த இடம் காய்ந்திருந்தது. அன்று மழையும் இல்லை. தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, எங்கள் மூச்சிலிருந்து வந்தது.

மூன்று பேர் இரவு முழுக்க மூடிய பெட்டிக்குள் மூச்சுவிட்டால், மூச்சும் வியர்வையுமாக அரை லிட்டருக்கு மேல் நீராவி சேரும். புரோபேன் எரிந்தாலும் நீராவிதான். ஒரு பவுண்டு சிலிண்டர் முழுக்க எரிந்தால் முக்கால் லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். அந்த ஈரக்காற்று குளிர்ந்த இரும்பைத் தொட்ட இடத்தில் தண்ணீராகிவிடும். நான் சட்டங்களுக்கு இடையே மட்டும் ஃபோம் அடைத்துவிட்டு, சட்டத்தின் மேலேயே பிளைவுட்டை ஸ்க்ரூ செய்திருந்தேன். வெளிக் குளிர் தகட்டிலிருந்து சட்டம், சட்டத்திலிருந்து ஸ்க்ரூ என்று நேராக உள்ளே வந்துவிட்டது.

உங்களுக்கும் ஈரம் தெரிந்தால் சீலன்ட்டில் கைவைக்கும்முன் இதைப் பாருங்கள். மழையில்லாத குளிர் இரவிலும் வருகிறதா? சட்டங்களின் கோட்டில் வரிசையாக வருகிறதா? அப்படியானால் அது ஒழுகல் இல்லை, உள்ளேயுள்ள நீராவி குளிர்ந்து வண்டிக்கு வரும் வியர்வை. சந்தேகம் தீரவில்லையென்றால், வெயில் நாளில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடித்துக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் விடட்டும். எங்கள் ஃபேனைச் சுற்றி ஒரு சொட்டுகூட வரவில்லை. முதலில் போட்ட சீலன்ட்டே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

சரி, தீர்வு. கூரை பிளைவுட்டைக் கழற்றினேன். சட்டங்களுக்கு இடையே எக்ஸ்பிஎஸ் எனும் கெட்டியான ஃபோம் போர்டை (குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் மதிப்பு அங்குலத்துக்கு 5) இடைவெளி இல்லாமல் அடைத்து, இணைப்புகளில் ஃபாயில் டேப் ஒட்டினேன். அதற்குமேல் சட்டங்களையும் சேர்த்து மூடுகிற மாதிரி அரை அங்குல ஃபோம் ஒரு முழு அடுக்கு. பிறகுதான் பிளைவுட். ஸ்க்ரூ தலைகளைக் குழித்து இறக்கி மரப்பட்டி வைத்து மூடினேன். உயரத்தில் அரை அங்குலம் போனது, பரவாயில்லை. ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் இன்னும் எளிது என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பின்னால் ஒரு ஒயரைத் தேட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கொத்தி எடுக்க வேண்டும்.

ஃபோமைவிடப் பெரிய மாற்றம் பழக்கத்தில். எவ்வளவு குளிரானாலும் இரவு முழுக்க ஃபேன் மிகக் குறைந்த வேகத்தில் காற்றை வெளியே தள்ளுகிறது. மறுகோடியில் ஒரு ஜன்னல் விரல் நுழையும் அளவு திறந்திருக்கும். குக்கர், இட்லிப் பானை எல்லாம் வெளியே மேசையில்தான். புரோபேன் ஹீட்டரை வண்டிக்குள் எரிப்பதை விட்டுவிட்டோம். கரண்ட் உள்ள இடத்தில் சின்ன எலெக்ட்ரிக் ஹீட்டர், இல்லாத இடத்தில் நல்ல ரஜாய். எது எப்படியோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கைப் பக்கம் கட்டாயம் வேண்டும். புரோபேன் உள்ளே வைத்திருந்தால் அதற்குத் தனி அலாரம், அதைத் தரையை ஒட்டி மாட்டுங்கள். புரோபேன் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.

அதற்கடுத்த நவம்பரில் அதே ஏரிக்கரை, அதே குளிர். காலையில் கூரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

6. கரண்ட்

100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று, கூரையில் 200 வாட் சோலார். பேட்டரியில் 1,280 வாட்-ஹவர் இருக்கும். ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு இரண்டு நாள் வருகிறது. உறைநிலைக்குக் கீழே இந்த லித்தியத்தை சார்ஜ் செய்தால் பேட்டரி கெடும், அதனால் குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் வசதி உள்ளதாக வாங்குங்கள். மெயின் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். படகுக்காரர்கள் 7 அங்குலத்துக்குள் என்று வைத்திருக்கிறார்கள், நானும் அதையே பின்பற்றினேன்.

7. கட்டில், தரை

இதில் பெரிய ரகசியம் இல்லை. அலமாரிகளை பிளைவுட் சுவரில் மட்டும் மாட்டாமல் சட்டத்தில் பிடிக்க வையுங்கள், ரோட்டில் வண்டி குலுங்கிக்கொண்டே இருக்கும். தரைக்கு ஒரே துண்டாக வினைல் ஷீட். எடை குறைவு, இணைப்பும் இல்லை.

முதல் பயணத்தில் 10, 25, 50 மைலில் வண்டியை நிறுத்தி, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) சக்கர நட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் கூரையை அறுக்கும்போது பின்விளக்கின் ஒயரையும் சேர்த்து அறுத்துவிட்டார். நான் இதைச் சொல்ல மறந்திருந்தேன். கூரையோரத்துச் சிறு விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் போகும் ஒயர்கள் சுவர் மேல்விளிம்பிலும் கூரைச் சட்டங்களை ஒட்டியும் ஓடும். உள்பலகையைக் கழற்றி, ஒயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பிளேடை வையுங்கள்.

இன்னொருவருக்கு வளைந்த கூரை. சீலன்ட் காய்வதற்குள் வழிந்து ஓரத்துக்கு வந்துவிட்டதாம். டைகாரில் இரண்டு வகை உண்டு. தானே பரவும் வகை சமதளத்துக்கு. சரிவுக்கும் பக்கச் சுவருக்கும் வழியாத வகையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.