சென்னை – கன்னியாகுமரி நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: துணைக் குழுவோடு தயாராவது எப்படி?

விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர். இந்த நான்கு ஊர்களிலும் இரவு தங்கினால் ஐந்து நாளில் முடித்துவிடலாம். பயிற்சிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: அடுத்தடுத்த இரண்டு நாள் தலா 100 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்கார முடிந்தால் நீங்கள் தயார்.

முதலில் பணம். நன்கொடை நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். வரிச்சலுகைக்கான ரசீது தர அனுமதி பெற்ற அமைப்பா என்று விசாரியுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்பதையும் கொடுப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். டீசல், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு. ஒரு குழந்தையின் சிகிச்சைக்கென்று வந்த நூறு ரூபாயில் வண்டிக்கு டீசல் போடக் கூடாது.

சைக்கிள். 32 மி.மீ. டயர் போடுங்கள். மெல்லிய ரேஸ் டயரை இந்தச் சாலைக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

பஞ்சர். நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதிலுள்ள எஃகு இழைகள் சாலையோரத்தில், சரியாக நாம் ஓட்டும் இடத்தில், கிடக்கும். முடியளவு மெல்லிய கம்பி. டயரில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றினால் சிறிது தூரத்திலேயே மறுபடி காற்று இறங்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்க மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை சிக்கி நிற்கும். நகவெட்டியால் கவ்வி, வந்த வழியே இழுத்துவிடுங்கள். இதற்கு விரலைப் பயன்படுத்தாதீர்கள், கிழித்துவிடும். பஞ்சும் நகவெட்டியும் காரில் இருந்தால் போதாது. ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும்.

துணை வாகனம். சிலர் சைக்கிளுக்குப் பின்னாலேயே காரை ஊர்ந்து வரச் சொல்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையில் இது ஆபத்து. வேகமாக வரும் பேருந்து அந்தக் காரில் மோதினால், கார் நம் மேல்தான் வந்து விழும். 20 கிலோமீட்டர் முன்னே போய், அணுகுசாலையிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்திக் காத்திருக்கட்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே கிளம்ப வேண்டும். குழுவில் குறைந்தது இரண்டு பேர் தேவை: ஓட்டுநருக்கு ஓட்டுவது மட்டுமே வேலை; தொலைபேசி, தண்ணீர், கணக்கு எல்லாம் மற்றவர் பொறுப்பு. பகலில் காத்திருக்கும் நேரத்தில் ஓட்டுநரைத் தூங்க விடுங்கள்.

குடிநீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உப்பு போட்ட நீர்மோர் எனக்குப் பிடித்தது. ஓ.ஆர்.எஸ். என்றால் ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். சின்ன பாட்டிலில் கொட்டிக் குடித்தால் கெடுதல். தின்பதற்கு, விலை உயர்ந்த எனர்ஜி பார்களை விடக் கடலை மிட்டாய் மேல். நான்காம் நாள் வழியிலேயே கோவில்பட்டி வருகிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய் அது, பை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: ஜூன், ஜூலையில் போகலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியே நல்லது. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்குக் காற்று சீறி வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். வள்ளியூர் தாண்டியதும் அது நம்மை வலப்பக்கமிருந்து தள்ளும். நாமும் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டிக்கொண்டிருப்போம். அப்போது ஒரு லாரி முந்தினால் காற்று சட்டென்று நின்று, சைக்கிள் லாரியை நோக்கியே சாயும். பின்னால் லாரிச் சத்தம் கேட்டவுடன் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டு, சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கிவிடுங்கள். காற்று மிகுந்தால் காவல்கிணறு வரை காரில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நன்கொடை கொடுத்தவர் யாரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்.