அரசுப் படிவம் குறித்துக் கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூட்டரசின் பெரும்பாலான படிவங்களின் மேற்பகுதியில் ஓ.எம்.பி. எண் என்று ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். வருமான வரிக்கான 1040 படிவத்தில் அது 1545-0074; குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில் 1615-0052. 1980-இல் இயற்றப்பட்டு 1995-இல் விரிவாகத் திருத்தப்பட்ட, மக்களின் படிவ வேலையைக் குறைப்பதற்கான பேப்பர்வொர்க் ரிடக்‌ஷன் சட்டத்தின்படி, பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே கேள்விகளைக் கேட்க விரும்பும் கூட்டரசுத் துறை, அதிபர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் ஓ.எம்.பி. என்ற நிர்வாக, வரவுசெலவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த ஒப்புதலுக்கான அடையாளமே இந்த எண். ஒப்புதல் ஒரு முறைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடைக்காது. வழக்கமான நடைமுறையில், ஒவ்வொரு முறையும் பொதுமக்களின் கருத்தை இரு கட்டங்களில் கேட்டாக வேண்டும்.

கருத்து எழுத வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை, குடிமகனாகவும் இருக்க வேண்டியதில்லை. படிவத்தை நிரப்புகிறவர்தான் அதைப் பற்றி மிகச் சரியாகச் சொல்லக்கூடியவர். சிறு நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இத்தகைய கருத்துகளைத் தயாரிக்க உதவி வருகிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள், முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். கடைசித் தேதியைத் தவறவிடுவது, எண்ணைப் பிழையாகக் குறிப்பிடுவது போன்றவற்றை இங்கே விளக்கவில்லை. ஒரு முறை பட்டவர் மறுமுறை அவற்றைச் செய்வதில்லை.

இரண்டு அறிவிப்புகளையும் ஒன்றாக எண்ணுவது

ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் முதலில் வருவது 60 நாள் அறிவிப்பு. அதற்கான கருத்து, படிவத்தை வெளியிடும் துறைக்குச் செல்ல வேண்டும். பின்னர் வருவது 30 நாள் அறிவிப்பு. அதற்கான கருத்து, ஓ.எம்.பி.யின் அங்கமான தகவல் மற்றும் ஒழுங்குமுறை விவகார அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். ஓய்வாக எழுதலாம் என்று இரண்டாவது அறிவிப்புக்காகக் காத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அதற்குள் துறை தன் படிவத்தைப் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டிருக்கும். கேள்வியின் வாசகத்தை மாற்ற வேண்டுமானால் முதல் கட்டத்தில் எழுத வேண்டும். நீங்கள் எழுதியதற்குத் துறை சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால், அதை எடுத்துக்காட்டி மேல் அலுவலகத்துக்கு எழுதுவதற்கே இரண்டாவது கட்டம் மிகவும் பயன்படும்.

அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு எழுதுவது

படிவத்தையும் அதன் வழிகாட்டுக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். தொடர்புகொள்ள வேண்டியவரின் விவரம் அறிவிப்பிலேயே இருக்கும்.

“அதிக நேரம் ஆகிறது” என்று மட்டும் எழுதுவது

இவற்றுள் மிகப் பெரிய இழப்பைத் தருவது இந்தத் தவறுதான். இதைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் வருத்தமும் எரிச்சலும் உண்டாகின்றன.

ஒவ்வொரு படிவத்தோடும் ஆதரவு அறிக்கை ஒன்றைத் துறை ஓ.எம்.பி.க்கு அனுப்புகிறது. அதன் முதல் பகுதியில் 18 வினாக்களுக்குத் துறை விடையளிக்க வேண்டும். 12-ஆவது வினா மக்களுக்கு ஆகும் நேரத்தைப் பற்றியது. 13-ஆவது, அந்த நேரத்தைத் தவிர அவர்கள் கையிலிருந்து செலவாகும் பணத்தைப் பற்றியது. 8-ஆவது, 60 நாள் அறிவிப்புக்கு வந்த கருத்துகளையும் அவற்றின் மீது துறை எடுத்த நடவடிக்கையையும் பற்றியது. சுமை என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் விரிவானது: குறிப்புகளைப் படிப்பது, பதிவேடுகளில் தேடுவது, தேவையான மென்பொருளை வாங்கிப் பொருத்துவது, புதிய முறைக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொள்வது, நிரப்பியதைச் சரிபார்ப்பது, அனுப்புவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். கட்டங்களை நிரப்பும் நேரம் அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

முதியோர் பராமரிப்புச் சேவை தரும் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்காளர், காலாண்டுப் படிவம் ஒன்றை நிரப்புவதை அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டே பக்கம், துறையின் மதிப்பீடு 20 நிமிடம். கட்டங்களை நிரப்ப அவருக்கு அந்த நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் காலாண்டின் கடைசி நாளில் ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்று படிவம் கேட்டது. அவருடைய சம்பள மென்பொருளோ இரு வாரச் சம்பளக் காலத்தின்படி மட்டுமே கணக்கு வைத்திருந்தது. கடைசி நாள் ஒரு சம்பளக் காலத்தின் நடுவில் விழுந்ததால், வருகைப் பதிவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திறந்து பார்த்தார். இரண்டு கவுண்டிகளில் வேலை செய்பவர்களை எதில் சேர்ப்பது என்று மேற்பார்வையாளர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். தனியாக ஓர் எக்செல் தாளைத் தயாரித்தார். இயக்குநரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். ஒரு முற்பகல் முழுவதும் அதில் கழிந்தது.

பிறகு அவர் அனுப்பிய கருத்து இவ்வளவுதான்: “எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு இந்தப் படிவம் பெரும் சுமையாக உள்ளது, தயவுசெய்து குறைக்கவும்.” 8-ஆவது வினாவின் கீழ், சுமை அதிகம் என்று ஒருவர் கூறியதாகவும் தன் மதிப்பீடு பொருத்தமானதே என்றும் துறை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. 20 நிமிடம் அப்படியே நின்றது. காலாண்டின் கடைசி நாள் என்பதை, அதற்கு முன் முடிந்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் என்று மாற்றச் சொல்லியிருந்தால், அந்தப் படிவத்தை நிரப்பும் எல்லோருடைய முற்பகலையும் மீட்டிருக்கலாம். அதைச் சொல்லத் தேவையான அத்தனை விவரமும் அவர் கையில் இருந்தது, கடிதத்தில்தான் இல்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிதாக வளர்கிறது என்பதைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 6,000 நிறுவனங்கள் ஆண்டுக்கு நான்கு முறை ஒரு படிவத்தை அனுப்புவதாகக் கொண்டால், 20 நிமிட மதிப்பீட்டின்படி மொத்தச் சுமை 8,000 மணி நேரம். உண்மையில் இரண்டு மணி நேரம் ஆகுமானால் அது 48,000 மணி நேரம். கேள்வி தேவையா, இத்தனை முறை கேட்க வேண்டுமா என்பதை ஓ.எம்.பி. எடைபோடும்போது, அதன் முன்னால் இருப்பது முதல் எண்ணா இரண்டாவது எண்ணா என்பது பெரிய வேறுபாடு.

ஆகவே வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆயிற்று, அதை யார் செய்தார், உங்கள் நிறுவனம் எவ்வளவு பெரியது, நேரத்தை எப்படி அளந்தீர்கள் என்று எழுதுங்கள். யார் செய்தார் என்பது முக்கியம். துறை, சாதாரண எழுத்தர் ஒருவரின் ஊதியத்தை வைத்துச் செலவைக் கணக்கிட்டிருக்கும்; வேலையைச் செய்தவர் கணக்காளராகவோ இயக்குநராகவோ இருந்தால் அந்தக் கணக்கு தவறு. இந்தப் படிவத்துக்காகவே மென்பொருள் வாங்கியிருந்தால், 13-ஆவது வினாவில் துறை பூச்சியம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, உங்கள் செலவைக் குறிப்பிடுங்கள்.

சட்டத்தின் மீதுள்ள எதிர்ப்பைப் படிவத்தின் மீது காட்டுவது

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டமே ஒரு விவரத்தைக் கேட்கச் சொன்னால், துறை அதைக் கைவிட முடியாது. ஆனால் சட்டம் கேட்பது எது, துறை தானாகச் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்த்தால், மாற்றக்கூடியவை நிறையத் தெரியவரும். காலாண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அறிக்கை கேட்பது, 30 நாளுக்குக் குறைவான அவகாசத்தில் எழுத்துப்பூர்வமான பதில் கேட்பது, மருத்துவம், வரி, அரசு ஒப்பந்தம், மானியம் போன்றவை சாராத பதிவேடுகளை மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கச் சொல்வது ஆகியவற்றுக்குத் துறை தனியாகக் காரணம் காட்ட வேண்டும் என்று ஓ.எம்.பி. விதிகளே சொல்கின்றன. ஆதரவு அறிக்கையின் 7-ஆவது வினா இதற்கானது. அங்கே எழுதப்பட்டிருக்கும் காரணம் வலுவற்றது என்று காட்டும் ஒரு பத்தி, கொள்கையைக் கண்டித்து எழுதும் பல பக்கங்களைவிட அதிகம் பயன்படும்.

“மாற்றமின்றி நீட்டிப்பு” என்று கண்டதும் ஒதுக்கிவிடுவது

இது பலரும் செய்வது. படிவத்தை ஒரு முறையாவது நிரப்பிய அனுபவம் உங்களுக்கு இருப்பது, பழைய படிவத்தின் ஒப்புதலைத் துறை நீட்டிக்கக் கேட்கும்போதுதான். புதிய படிவத்தைப் பற்றி ஊகிக்கத்தான் முடியும். மாற்றம் எதுவும் இல்லை என்று துறை சொல்வது அதன் விருப்பம் மட்டுமே. அந்த 60 நாளும் கடந்துவிட்டால், அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே வரும்.

நகல் கடிதம்

நூறு பேர் அனுப்பினாலும் அதற்கு ஒரே பதில்தான் எழுதப்படும்.

சொந்த விவரங்கள்

கருத்துகள் பொதுவில் வெளியிடப்படக்கூடியவை. சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற தனிநபர் அடையாள எண்ணையோ குடிவரவு வழக்கு எண்ணையோ எழுதாதீர்கள். நிரப்பிய படிவத்தை இணைக்காதீர்கள்.

அனுப்பியதோடு விட்டுவிடுவது

30 நாள் அறிவிப்பு வந்ததும் ஓ.எம்.பி.யின் பரிசீலனையில் உள்ள படிவங்களின் ஆவணங்கள் வெளியாகும் ரெக்இன்ஃபோ (reginfo.gov) தளத்தில் அந்தப் படிவத்தின் எண்ணைத் தேடி, ஆதரவு அறிக்கையைத் திறந்து, உங்கள் கருத்தை 8-ஆவது வினாவில் எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று படியுங்கள். நீங்கள் சொன்ன எண்ணை விட்டுவிட்டுப் புகாரை மட்டும் எழுதியிருந்தால், அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, முதல் கருத்தின் நகலோடு அந்த 30 நாளுக்குள் ஓ.எம்.பி.க்கு எழுதுங்கள். முடிவு வெளியானதும் அதையும் பாருங்கள்: அடுத்த முறைக்குள் சுமை மதிப்பீட்டைத் திருத்த வேண்டும் என்பதைப் போன்ற நிபந்தனையோடு சில படிவங்களுக்கு ஒப்புதல் தரப்படுவதுண்டு. அப்படி ஒன்று இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த 60 நாள் அறிவிப்பு வரும்போது, துறை அதை நிறைவேற்றியதா என்ற கேள்வியோடு உங்கள் கருத்தைத் தொடங்குங்கள்.