ஒரு சைக்கிள் காணாமல் போகட்டும்: துப்பறியும் ஆங்கிலச் சொற்களைப் பழகும் வழி

துப்பறியும் கதைகளை ஆங்கிலத்தில் படிக்க ஆசை, கிரைம் சீரியலை சப்டைட்டில் இல்லாமல் பார்க்க ஆசை. உடனே எல்லாரும் செய்வது என்ன? எங்கிருந்தோ ஒரு நீளமான சொற்பட்டியலை எடுத்து நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழ் அர்த்தம் போட்டு, மனப்பாடம் செய்வது. அடுத்த வாரம் பாதி மறந்துவிடும், மீதிப் பாதி பேசும்போது வாய்க்கு வராது. குற்றம், விசாரணை பற்றிய சொற்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பட்டியலைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே கதைக்குள் வரிசையாக வந்து நிற்பவை. அதனால் உங்கள் ஊரிலேயே ஒரு சின்ன வழக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள். நான் கடலூர்க்காரன், அதனால் என் உதாரணம் சில்வர் பீச்சில் நடக்கிறது. உங்களுக்கு எந்த இடம் பழக்கமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம். சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் சைக்கிளைப் பூட்டி நிறுத்திவிட்டுக் கடலில் கால் நனைத்துத் திரும்புகிறீர்கள். சைக்கிள் இல்லை, செயின் பூட்டு மட்டும் திறந்தபடி மணலில் கிடக்கிறது.

முதல் வாக்கியத்திலேயே நம்மவர்கள் தடுக்கி விழுவார்கள். 'மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்' என்பதுதான் சரி. 'ராப்ட்' என்று சொன்னால் தப்பு, ஏனென்றால் 'ஸ்டீல்' பொருளோடு சேரும், 'ராப்' ஆளோடோ இடத்தோடோ சேரும். வழியில் மிரட்டிப் பிடுங்கினால் 'ஐ வாஸ் ராப்ட்'. பேங்கைக் கொள்ளையடித்தால் 'தே ராப்ட் தி பேங்க்'. பூட்டிய வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் அது 'பர்க்லரி', வினையாகச் சொன்னால் 'சம்ஒன் ப்ரோக் இன்'. தமிழ்ச் செய்திகளில் இதில் பலவற்றுக்கும் 'கொள்ளை' என்ற ஒரே சொல் ஓடுவதால் இந்த வித்தியாசம் நமக்கு உடனே படாது. 'டெகாய்டி' என்ற சொல்லை நம்மூர் ஆங்கிலப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். நம் சட்டப்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அந்தப் பெயர். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது, லண்டனில் நடக்கும் கதையில் அதைத் தேடாதீர்கள்.

சரி, பூட்டு உடையவில்லை, திறந்திருக்கிறது. இது ஒரு 'க்ளூ'. டயர் தடம் ரோடு வரைக்கும் போகிறது, அது இன்னொரு க்ளூ. சுண்டல் விற்கும் அக்கா நீலச் சட்டை போட்ட ஒரு பையன் சைக்கிளில் போனதைப் பார்த்திருக்கிறார், அவர் 'விட்னஸ்'. 'எவிடென்ஸ்' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். 'க்ளூ'வை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், 'எவிடென்ஸ்' எண்ண முடியாத சொல். 'அன் எவிடென்ஸ்', 'எவிடென்ஸஸ்' என்றெல்லாம் எழுதினால் உடனே கண்ணில் குத்தும். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'எ பீஸ் ஆஃப் எவிடென்ஸ்'.

இப்போது சாவி யாரிடம் இருந்தது? உங்கள் தம்பி, பக்கத்து வீட்டு நண்பன், பங்க்சர் ஒட்டும் சைக்கிள் கடை அண்ணன், மூன்று பேருமே 'சஸ்பெக்ட்ஸ்'. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், இந்தத் தலைப்பு முழுவதிலும் தமிழர்களுக்கு ரொம்பப் பயன்படுவது இதுதான். நாம் 'சந்தேகப்படுகிறேன்' என்று ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து, எதிரெதிர் பக்கத்தில் வைத்திருக்கிறது. 'ஐ சஸ்பெக்ட் ஹீ டுக் இட்' என்றால் அவன்தான் எடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஐ டவுட் ஹீ டுக் இட்' என்றால் அவன் எடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை! தம்பியைக் குற்றம் சாட்ட நினைத்து 'டவுட்' போட்டால் நீங்கள் அவனைக் காப்பாற்றிவிடுகிறீர்கள். வகுப்பில் கேள்வி கேட்பதற்கு 'ஐ ஹேவ் எ டவுட், சார்' என்று சொல்லிச் சொல்லி 'டவுட்' நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது, அதனால் இந்த ஒரு ஜோடியை மட்டும் இரண்டு மூன்று நாள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கூடவே 'சஸ்பெக்ட்' உச்சரிப்பும்: ஆளைக் குறிக்கும்போது அழுத்தம் முதல் அசையில், 'சஸ்'. சந்தேகப்படும் வினையாக வரும்போது இரண்டாவது அசையில், 'பெக்ட்'.

தம்பி அந்த நேரத்தில் திருப்பாதிரிப்புலியூரில் ட்யூஷனில் இருந்ததாகச் சொல்கிறான். அதுதான் அவனுடைய 'ஆலிபை'. லத்தீனில் 'வேறு இடத்தில்' என்று பொருள், அதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சொல் மறக்கவே மறக்காது. நண்பன் பாண்டி பஸ் டிக்கெட்டைக் காட்டுகிறான், அதனால் அவனை 'ரூல் அவுட்' செய்கிறோம், அதாவது கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். நீலச் சட்டைப் பையனைத் தேடிப் பிடித்தால் அவன் ஓட்டியது அவனுடைய சொந்த சைக்கிள். அப்படியானால் இவ்வளவு நேரம் நம்மைத் திசைதிருப்பிய அந்தத் தகவல் ஒரு 'ரெட் ஹெர்ரிங்'. ஹெர்ரிங் என்பது நம் மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த மீன், உப்புப் போட்டுப் புகையில் வாட்டினால் சிவந்து வாசனை தூக்கும், அந்த வாசனை மோப்பத்தைத் திசைதிருப்பும் என்பதுதான் இந்தச் சொல்லில் உள்ள உவமை. துறைமுகத்தில் கருவாட்டு வாடையோடு வளர்ந்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யார் எடுத்தது என்று நான் சொல்லப்போவதில்லை, அதை நீங்கள்தான் ஆங்கிலத்தில் முடிக்க வேண்டும். அதற்கு மூன்று வாக்கிய அச்சு போதும். உறுதியாகத் தோன்றினால் 'மஸ்ட் ஹேவ்': 'தி தீஃப் மஸ்ட் ஹேவ் ஹேட் எ கீ'. இருக்கலாம் என்றால் 'மைட் ஹேவ்': 'ஹீ மைட் ஹேவ் பாரோட் இட்'. வாய்ப்பே இல்லை என்றால் 'கான்ட் ஹேவ்': 'மை ஃப்ரெண்ட் கான்ட் ஹேவ் டன் இட்'. 'மஸ்ட் ஹேவ்' என்பதற்கு எதிர்ப்பதம் 'மஸ்ட் நாட் ஹேவ்' என்று நம்மில் பலர் நினைக்கிறோம், துப்பறியும் பேச்சில் வழக்கமாக வருவது 'கான்ட் ஹேவ்'. சொற்களைவிட இந்த மூன்றும் முக்கியம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் எந்தத் துப்பறிவாளர் வாயைத் திறந்தாலும் இவைதான் வரும்.

அடுத்தது வினைக்குப் பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள். இதைத் தனியாகப் படிக்காமல் வினையோடு சேர்த்தே எழுதி வையுங்கள்: 'சஸ்பெக்டட் ஆஃப்', 'அக்யூஸ்ட் ஆஃப்', 'கில்டி ஆஃப்' மூன்றுக்கும் 'ஆஃப்'. 'சார்ஜ்ட்' (முறைப்படி குற்றம் சாட்டப்பட்டால்) வந்தால் 'வித்', 'அரஸ்டட்' வந்தால் 'ஃபார்', 'கன்ஃபெஸ்' (குற்றத்தை ஒப்புக்கொள்வது) வந்தால் 'டு'. 'இன்வெஸ்டிகேட்' பின்னால் 'அபௌட்' போடவே கூடாது, நேராக 'இன்வெஸ்டிகேட் தி கேஸ்'. 'போலீஸ்' எப்போதும் பன்மை, 'தி போலீஸ் ஆர் லுக்கிங் இன்டு இட்'.

அப்புறம், காசு செலவில்லாத ஒரு பாடப்புத்தகம் டீக்கடையிலேயே கிடைக்கிறது. தமிழ்ப் பேப்பரின் குற்றச் செய்திகள்தான். அதில் வரும் வாக்கியங்கள் நமக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. 'மர்ம நபர்கள்' என்று பார்த்ததும் 'அன்ஐடென்டிஃபைட் பெர்சன்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். 'வலைவீசித் தேடி வருகிறார்கள்' என்றால் 'போலீஸ் ஆர் ஆன் தி லுக்அவுட் ஃபார் தெம்'. 'கையும் களவுமாகப் பிடிபட்டார்' என்றால் 'ஹீ வாஸ் காட் ரெட்ஹேண்டட்'. 'தலைமறைவு' என்றால் நம்மூர் ஆங்கிலத்தில் 'அப்ஸ்காண்டிங்', கதைகளில் பெரும்பாலும் 'ஆன் தி ரன்'. 'மோப்ப நாய்' என்றால் 'ஸ்னிஃபர் டாக்'. 'கைரேகை' என்றால் 'ஃபிங்கர்பிரின்ட்' (1897லேயே கல்கத்தாவில் இதற்கென்று தனி அலுவலகம் வந்துவிட்டது, துப்பறியும் கலையில் நம் நாட்டுக்கு உள்ள பங்கு சின்னதல்ல). அதே செய்தி ஆங்கிலப் பேப்பரிலும் வந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் டிக்‌ஷனரியைப் புரட்டாமலே பல சொற்களுக்கு அர்த்தம் பிடிபடும்.

வாயில் வர வேண்டும் என்றால் ஆட்டம் ஆட வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளில் 'ஆலிபை கேம்' ரொம்பப் பிரபலம். நான்கு பேர் இருந்தால் போதும். இரண்டு பேர் குற்றவாளிகள், நேற்று சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணி வரை சேர்ந்தே இருந்ததாக ஒரு கதை தயார் செய்கிறார்கள், பாண்டி பீச் ரோட்டில் நடந்தோம், ஐஸ்க்ரீம் சாப்பிட்டோம் என்று எதையாவது. பிறகு மற்ற இரண்டு பேர் அவர்களைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்: 'வாட் வேர் யூ வேரிங்?', 'ஹூ பெய்ட்?', 'வேர் வேர் யூ சிட்டிங்?' பதில்கள் முரண்பட்டால் மாட்டிக்கொண்டார்கள். சிரிப்பும் சண்டையுமாகப் போகும், ஆனால் கடந்தகாலக் கேள்விகள் அத்தனையும் தானாகவே பழகிவிடும். கூச்சப்படுகிறவர்கள்கூட இதில் கூச்சத்தை மறந்து பேசுவார்கள், ஏனென்றால் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அப்போது கவலை.

இவ்வளவும் ஆன பிறகு கதைக்குப் போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். ஷெர்லாக் ஹோம்ஸின் பழைய சிறுகதைகள் காப்புரிமை முடிந்தவை, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். நாவலில் ஆரம்பிக்காதீர்கள், 'ரெட் ஹெடட் லீக்' மாதிரி ஒரு சிறுகதையை எடுங்கள், அதில் கொலைகூடக் கிடையாது. ஆங்கிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலம்தான், குதிரை வண்டிகளின் பெயரெல்லாம் வரும், அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். அச்சில் படிக்க விரும்பினால் கடலூரில் மாவட்ட மைய நூலகம், புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கின்றன. படிக்கும்போது பாதியில் நிறுத்தி, யார் குற்றவாளி என்று 'மஸ்ட் ஹேவ்', 'கான்ட் ஹேவ்' போட்டு நான்கு வரி எழுதிவிட்டு மீதியைப் படியுங்கள். ஊகம் தப்பினாலும் பரவாயில்லை, அந்த நான்கு வரியை எழுத எந்தச் சொல் கிடைக்காமல் திணறினீர்களோ அதை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.