பிள்ளைகளுக்குப் 'புதையல் தீவு' வாசித்துக்காட்ட

மே மாத லீவுக்குப் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்ததும் தொடங்க ஏற்ற நாவல் 'புதையல் தீவு'. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் இதை 1881–82இல் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். 1883இல் நூலாக வந்தது. இன்றும் பிள்ளைகள் இதை விடாமல் கேட்பதற்கு முக்கியக் காரணம், ஒவ்வோர் அத்தியாயமும் முடிகிற இடம். அந்த இடத்தைக் கெடுக்காமல் வாசித்தாலே பாதி வேலை முடிந்தது.

வாங்கும்போது அத்தியாயங்களை எண்ணுங்கள். முழு நூலில் 34 உண்டு. குறைந்தால் அது சுருக்கப் பதிப்பாக இருக்கலாம். நிதானமாக வாசித்தால் ஓர் அத்தியாயத்துக்கு 20 முதல் 25 நிமிடம் ஆகும். நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து வாரம்.

செட்டிநாட்டு வீட்டில் வளவின் (மேலே திறந்த முற்றத்தின்) நடுவில் உட்கார்ந்தால் குரல் மேலே போய்விடும். ஆத்தங்குடிக் கல் பதித்த வெற்றுக் கூடத்தில் எதிரொலிக்கும். தாழ்வார மூலையில் ஜமக்காளம் விரித்து, வாசிப்பவர் சுவரில் சாய்ந்துகொள்ள, பிள்ளைகள் எதிரே நெருங்கி உட்காரட்டும். கப்பல் தலைவனின் பெட்டி வரும் அன்று வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து காட்டுங்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, கப்பலேறிப் போனவர்களின் வீட்டில் கடல் கதைக்கு வேறு முன்னுரை வேண்டாம்.

6ஆம் அத்தியாயத்தில் வரைபடம் வரும். ஸ்டீவன்சனுக்கே கதை பிறந்தது தம் வளர்ப்பு மகனோடு இருந்தபோது வரைந்த ஒரு தீவுப் படத்திலிருந்துதான். ஆகவே மறுநாள் பிள்ளைகளே வரையட்டும்: ஒன்பது மைல் நீளம், ஐந்து மைல் அகலம், எழுந்து நிற்கும் கொழுத்த டிராகன் வடிவம், நடுவில் குன்று, சிவப்பில் மூன்று பெருக்கல் குறிகள், வடக்கே இரண்டு, தென்மேற்கே ஒன்று. பழைய தாள் போல வேண்டுமென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் தேயிலைத்தூள் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் தாளில் தடவி, நன்றாகக் காயவைத்த பிறகே வரைய வேண்டும். முதலில் வரைந்தால் ஸ்கெட்ச் பேனா மை கரைந்து ஓடும்.

பலர் கெடுப்பது லாங் ஜான் சில்வர் என்ற ஒற்றைக்கால் கப்பல் சமையல்காரனின் கதாபாத்திரத்தை. ஒற்றைக்கால் என்றதும் வில்லன் குரலில் உறுமத் தொடங்கிவிடுகிறார்கள். 8 முதல் 10 வரையுள்ள அத்தியாயங்களில் அவனை அன்பான மாமா மாதிரி வாசியுங்கள். "இவன்தானா அந்த ஒற்றைக்காலன்?" என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். 10இன் முடிவில், கதை சொல்லும் சிறுவன் ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் இருக்கும்போது சில்வரின் குரல் கேட்கிறது. அங்கே புத்தகத்தை மூடிவிடுங்கள், எவ்வளவு கெஞ்சினாலும். 11இல் அதே இனிய குரல் கொலையைப் பேசும்போது அப்பத்தா மடியில் படுத்திருந்தவன்கூட எழுந்து உட்காருவான்.

16, 17, 18 மூன்றையும் ஜிம் சொல்லவில்லை, கதையில் வரும் டாக்டர் லிவ்சி சொல்கிறார். பிள்ளைகள் இங்கேதான் குழம்புவார்கள். வாசிப்பவரை மாற்றினால் தீர்ந்தது: ஐயா (தாத்தா) வாசித்து வந்தால் இந்த மூன்றையும் ஆயா (பாட்டி) வாசிக்கட்டும். 19இல் பழைய குரல் திரும்பட்டும்.

எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் 14, 26 இரண்டிலும் வரும் சாவுகளை நிறுத்தாமல் வேகமாகக் கடந்துவிடுங்கள். 32 முடிவில் புதையல் குழி காலியாக இருக்கும். அன்றும் ஒரே அத்தியாயம்தான். கடைசியில் சில்வர் ஒரு பை காசோடு தப்பிவிடுவான். அவன் என்ன ஆனான் என்று நூல் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.