மெயிலில் அனுப்பிய லிங்க் ஏன் திறக்கவில்லை?

வெப்சைட்டில் நன்றாக ஓடிய பக்கத்தை அப்படியே எச்டிஎம்எல் மெயிலாக அனுப்பினால், முதலில் உடைவது லிங்க்தான். நான் முதன்முதலில் அனுப்பிய செய்திமடலில் ஒரு படம்கூடத் தெரியவில்லை. எல்லா முகவரியும் '/' என்று தொடங்கியிருந்தது.

காரணம் இதுதான். '/செய்தி/மே/' என்ற இடத்தில் இருக்கும் பக்கத்தில் '../ஏப்ரல்' என்று எழுதினால், பிரவுசர் ஒரு படி மேலே ஏறி '/செய்தி/ஏப்ரல்' என்று கண்டுபிடித்துவிடும். பக்கம் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியும். இன்பாக்ஸில் விழுந்த மெயிலுக்கு அப்படி ஒரு வீட்டு முகவரி கிடையாது. 'கன்டென்ட்-லொகேஷன்' என்ற ஹெடரில் (மெயிலின் தகவல் வரியில்) அதைச் சொல்லலாம் என்று 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2557 என்ற இணையத் தர ஆவணம் வழி வைத்திருக்கிறது. பக்கத்தின் அடிப்படை முகவரியைச் சொல்லும் 'பேஸ்' டேகும் இருக்கிறது. இரண்டையும் நம்பாதீர்கள். வெப்மெயில் (பிரவுசரிலேயே மெயில் படிக்கும் தளம்) உங்கள் கடிதத்தைத் தன் பக்கத்துக்குள் வைத்துக் காட்டுகிறது. உங்கள் பேஸ் டேகை விட்டுவைத்தால் அதன் சொந்த லிங்க்குகளே திசைமாறிவிடும் என்பதால் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிடும்.

முதல் வேலை: கோப்பில் 'எச்ரெஃப்' (லிங்க் போகும் முகவரி), 'எஸ்ஆர்சி' (படம் இருக்கும் முகவரி) என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடுங்கள். '/', '../' என்று தொடங்குபவற்றையும், வெறும் கோப்புப் பெயராக இருப்பவற்றையும் 'எச்டிடிபிஎஸ்' தொடங்கி முழு முகவரியாக மாற்றுங்கள். '//' என்று தொடங்குவதும் அரைகுறைதான், அதையும் மாற்றுங்கள்.

அடுத்து, டொமைன் பெயரை டெம்ப்ளேட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். சோதனை சர்வரின் முகவரி வாசகரிடம் போய்ச் சேராமலிருக்க இதுதான் நல்ல வழி.

படத்தை மெயிலோடேயே அனுப்புவதானால், படத்துக்கு ஓர் அடையாளம் கொடுத்து அதை வைத்து அழைக்கும் 'சிஐடி' முறை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். படப் பகுதியின் 'கன்டென்ட்-ஐடி' ஹெடரில் அடையாளத்தை < > குறிகளுக்குள் எழுத வேண்டும். எஸ்ஆர்சியில் 'சிஐடி:' போட்டு, அந்தக் குறிகள் இல்லாமல் அதே அடையாளத்தை எழுத வேண்டும். கடிதத்தையும் படத்தையும் 'மல்டிபார்ட்/ரிலேட்டட்' என்ற ஒரே உறைக்குள் வையுங்கள்.

'#' போட்டு மெயிலுக்குள்ளேயே தாவும் லிங்க் சில ஆப்களில் அசையாது. முக்கியமான விஷயத்தை அதன் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள்.

கடைசியில் சோதனை. கோப்பை உங்கள் கணினியில் பிரவுசரில் திறந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். படங்கள் பக்கத்து ஃபோல்டரிலேயே இருப்பதால் '../' போன்ற அரைகுறை முகவரிகூட அங்கே வேலை செய்யும். உங்களுக்கே மெயில் அனுப்பி, போன் ஆப்பில் ஒருமுறை, வெப்மெயிலில் ஒருமுறை, ஒவ்வொரு லிங்க்கையும் அழுத்திப் பாருங்கள்.